மலையேறக் கூடாத வருஷம்

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், திருப்பதிக்கா, தரிசனத்துக்கா என்று ஆசையாக விசாரித்தார். இல்லை, அக்காவோடு சண்டை போட என்றேன். அதற்கப்புறம் அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸ்கோவிலிருந்து நான் கிளம்பியதே அதற்குத்தான். சித்தூரிலிருந்து மாமா போன் செய்திருந்தார். மாமா என்றால் என் அக்கா கோமதியின் வீட்டுக்காரர். மாவு மில் வைத்திருக்கிறார். மில் சத்தத்திலேயே காலம் தள்ளியவர் என்பதால் போனிலும் கத்தித்தான் பேசுவார். அன்றைக்குக் கத்தவில்லை.

"பாப்பா, உங்க அக்காவுக்கு அக்குள்ல மறுபடி கட்டி வந்துகீது. பொங்கல்லேர்ந்து கீதாம். யார்கிட்டயும் சொல்லாம மூடி வெச்சிக்கினு கீறா. ஆஸ்பத்திரிக்கு வாடின்னா, கார்த்திகைக்கு அப்பறம் பாத்துக்கலாம்றா. நீ ஒரு தடவ வந்துட்டுப் போ."

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஊரில் இன்னும் பாப்பாதான். அந்தப் பாப்பாவின் பிழைப்பு என்ன தெரியுமா? மார்பகப் புற்றுநோய் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றுக்கு ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்து, எது சாகிறது, எது தப்பித்துக்கொள்கிறது என்று பார்ப்பது. ஊர் உலகத்துச் செல்லுக்கெல்லாம் நாட்டாமை பண்ணுகிறவளுக்குச் சொந்த அக்காவின் அக்குளில் இருப்பது தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு முறை வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவள் வத்தல் காய்வதைக் காட்டினாள். நான் மழையைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தூரில் இறங்கினேன். ஆனி மாதம். இந்த மாதத்தில் ஊரின் பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். மாம்பழக்கூழ் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் தொடங்கி ரோட்டோரமாக லாரியும் டிராக்டருமாகக் கிளிமூக்கு மாங்காயை ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றன. பாதி இனிப்பும் பாதி புளிப்புமாக ஒரு வாசனை. கிளாஸ்கோவில் மழைக்குக்கூட வாசனை கிடையாது. ஆட்டோவில் உட்கார்ந்து அதை இழுத்து இழுத்து மோந்தேன். "ஏம்மா, வீசிங்கா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். முதலில் என் கண் போனது அவள் தலைமுடிக்குத்தான். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி, இந்த வயதிலும் நரை அதிகமில்லை. ஆனால் பின்னவில்லை. ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு விட்டிருந்தாள். அக்கா தலை பின்னாமல் வாசலுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. இடது கை தோளுக்கு மேலே போகவில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

நகரியில் நைனா தறி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் காலை நேரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு சத்தம்தான் கேட்கும். ஒன்று தறி. இன்னொன்று அக்கா சீப்பை வைத்துக்கொண்டு என்னைத் துரத்துகிற சத்தம். முழங்காலால் என்னை அழுத்திப் பிடித்து, ரெட்டைச் சடை போட்டு, ரிப்பனைக் காதுக்குப் பக்கத்தில் மடித்துக் கட்டுவாள். தன் தலையை வாரிக்கொள்ள அவளுக்கு நேரமிருக்காது, ஆனாலும் அவசரமாகப் பின்னி முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவாள். அந்தக் கை இப்போது மேலே போகவில்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"இன்னாடி, வந்ததும் தலய தொங்கப் போட்டுக்கினு? மொதல்ல துன்னு. அப்பறம் சண்ட போடு" என்றாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ராகி சங்கட்டி, நாட்டுக்கோழிக் குழம்பு, வேர்க்கடலைச் சட்னி. சங்கட்டி என்கிற கேழ்வரகுக் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். நான் மென்றேன். மாமா அதைப் பார்த்துவிட்டு, "ரொட்டி துன்னு துன்னு பழகிட்டா" என்றார்.

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால், மாங்காய் ஊறுகாய்க்கும் இட்லி மாவுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே கட்டைவிரல் அளவு மெழுகுக் கட்டி. அக்காவுக்கு முதல் தடவை வந்தபோது எடுத்த சதையை மெழுகில் பதித்து, பத்திரமாக வைத்திருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்தது. சித்தூர் வெயிலில் மெழுகு உருகிவிடுமே என்று மாமா இத்தனை வருஷம் அதை ஃப்ரிட்ஜில் காப்பாற்றி வந்திருக்கிறார். உருகாது மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். மனசு வரவில்லை, அப்படியே மூடிவிட்டேன்.

முதல் தடவை இடது மார்பில் வந்தது ஹார்மோனை நம்பி வளர்கிற வகை. அறுவை சிகிச்சை செய்தார்கள், கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், அதற்கப்புறம் தினம் ஒரு மாத்திரை. கீமோ தேவைப்படவில்லை. அதனால் முடி தப்பித்தது. அக்கா ஒருநாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. எங்கள் ஆய்வகத்தில் இப்படி ஒரு நோயாளி கிடைத்தால் கோயில் கட்டுவார்கள்.

திங்கட்கிழமை சண்டைக்குத் தயாராக உட்கார்ந்தேன். ஊசி குத்திச் சதை எடுப்பது எவ்வளவு சுலபம், மரத்துப் போக மருந்து போடுவார்கள், எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று நெடுநேரம் விளக்கினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஊசிதானே? வரேன் வா. நாளைக்கே போலாம்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஐயாயிரம் மைல் பறந்து வந்து தயார் பண்ணிய பேச்சு பாதியிலேயே முடிந்துபோனது. வேறு ஏதோ இருக்கிறது என்று தோன்றினாலும், சரி, கிடைத்தவரை லாபம் என்று விட்டுவிட்டேன்.

திருப்பதிக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று அக்கா அடம்பிடித்தாள். காரில் போனால் வாந்தி வருமாம். பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு அம்மாக்கள் தெலுங்கில் மருமகன்களை அலசிக்கொண்டு வந்தார்கள். "என் மருமகன் தங்கமான பிள்ளை, ஆனால் பேசவே மாட்டான்" என்றாள் ஒருத்தி. "பேசினால் தங்கம் இல்லை என்று தெரிந்துவிடும், அதனால்தான் பேசவில்லை" என்றாள் இன்னொருத்தி. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்ன வயதில் நகரியிலிருந்து இதே மாதிரி பஸ்ஸில், யார் ஜன்னல் பக்கம் என்று அடித்துக்கொண்டு போயிருக்கிறோம். இப்போது அவள் தானாகவே ஜன்னலை எனக்குக் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டேனே தவிர பிடிக்கவில்லை.

புத்தலப்பட்டு தாண்டியதும் பஸ் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டதாம். கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டு, அடுத்த வண்டி வரும் என்று எந்தப் பொறுப்பும் இல்லாமல் சொன்னார். புளியமரத்து நிழலில் ஒருவர் மாங்காயைக் கீறி மிளகாய்த்தூள் உப்பு தடவி விற்றுக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு மைல்கல் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"பாப்பா, ஊசி போட்டுக்கறேன். ஆனா முடி கொட்ற மருந்து மட்டும் கார்த்திகைக்கு முன்னாடி போட்டுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் அக்கா, மாங்காயைக் கடித்துக்கொண்டே.

ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

முதல் தடவை வந்தபோது, நல்லபடியாகத் தேறினால் மலைக்கு வந்து முடி இறக்குகிறேன் என்று ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். மாத்திரை எல்லாம் முடிந்து மலைக்குப் போகிற நேரத்தில் மகள் கல்யாணம் குதிர்ந்துவிட்டது. மணவறையில் பெண்ணுக்கு அம்மா மொட்டைத் தலையோடு நிற்பதா என்று மாமாவின் அம்மா தயங்கியிருக்கிறார். அதனால் அப்போதைக்கு மூணு கத்திரி மட்டும் கொடுத்திருக்கிறாள். முழு மொட்டை போடாத பெண்கள் கத்திரியால் மூன்று முறை முடி நுனியைக் கொடுப்பது அங்கே வழக்கம். மிச்சத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாள். கல்யாணம் முடிந்ததும் மாமியார் படுக்கையில் விழுந்தார். போன கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் அந்தக் குடும்பம் மலையேறக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதற்கு விலக்கே கிடையாது. பெரிய பெரிய ஆட்கள்கூட வருஷம் திரும்புகிற வரைக்கும் கீழே இருந்தே கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"பொங்கல் அன்னிக்கு எண்ணெ தேச்சிக்கினு குளிக்கும்போது கைல தட்டுப்பட்டுது. டாக்டர்கிட்ட போனா இந்தத் தடவ கீமோதான்னு எனக்கே தெரியும். கீமோன்னா முடி போய்டும். அது அவருக்குன்னு வேண்டிக்கினது பாப்பா. மருந்துக்குக் குடுத்துட்டு அவர்கிட்ட போய் இன்னான்னு நிக்கறது? மறுபடி மொளைக்கும்னு சொல்லாத. மொளைக்கறது வேற முடி."

மறுபடி முளைக்கும் என்றுதான் சொல்ல இருந்தேன். உலகத்தில் எத்தனையோ காரணங்களால் பெண்கள் கட்டியை மறைக்கிறார்கள். பயம், கூச்சம், வீட்டு வேலை. நான் கருத்தரங்குகளில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். மலையேறக் கூடாத வருஷம் என்று ஒரு காரணத்தை எந்த ஊரிலும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மாங்காய்க் கொட்டையை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுகிற மாதிரி விட்டெறிந்தேன். அடுத்த வண்டி வந்தது.

திருப்பதியில் டாக்டரம்மா எங்களைவிட இளையவர். தெலுங்கில்தான் பேசினார். "வலித்தால் சொல்லுங்கம்மா" என்றார். ஊசி உள்ளே போய்ச் சதையைப் பிடிக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். நான் என் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான சதைத் துணுக்குகளைக் கையில் வாங்கியிருக்கிறேன், அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. எங்களுக்குக் குழாயில் பெயரில்லாமல் வரும். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். நான்தான் ஒவ்வொரு டக்குக்கும் துள்ளினேன்.

வெளியே வந்ததும் அக்கா நின்று, கட்டடங்களுக்கு மேலே தெரிந்த மலையைப் பார்த்துக் கைகூப்பினாள். "கீழேர்ந்து கும்புட்டா தப்பில்ல" என்றாள் என்னிடம், நான் கேட்காமலேயே. எதிரே மலையிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் வந்துகொண்டிருந்தது. அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் மொட்டை, மூவர் தலையிலும் சந்தனம். அக்கா அந்த அம்மாவை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பொறாமை என்றால் அதுதான்.

திரும்பும் வழியில் சந்திரகிரியில் இறங்கலாமா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அங்கே கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப் போனபோது அக்கா இல்லாமல் போக மாட்டேன் என்று நான் அழுதேன். பெரிய வகுப்புப் பெண்ணை எனக்காகச் சின்னப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த மானக்கேட்டை அவள் இன்னும் மறக்கவில்லை. கோட்டைக்குள் அரண்மனை அப்படியே இருந்தது. புல்தரை மட்டும் அழகாகியிருந்தது. ஸ்காட்லாந்தில் இதுபோல் ஒரு கோட்டை இருந்தால் வாசலில் சால்வை, சாவி வளையம், பிஸ்கெட் என்று நாலு கடை வைத்துவிடுவார்கள். இங்கே நிழலில் காதலர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு இதுதான் பிடித்திருந்தது.

கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரித்தோம். அக்கா இரண்டு வாய் சாப்பிட்டாள். நிறுத்திவிட்டாள்.

"ஒண்ணு கேப்பேன், நெஜம் சொல்லணும். மாத்திரை ஒழுங்காதான் போட்டேன். மத்தவங்களுக்கெல்லாம் கேட்டுது. எனக்கு மட்டும் ஏன் திரும்ப வந்துது? மூணு கத்திரி குடுத்து ஏமாத்திட்டேன்னுதானே?"

அவள் கண் கலங்கியிருந்தது. அக்கா அழுது நான் பார்த்தது நைனா போனபோது மட்டும்தான். கட்டியைவிட இந்தக் கேள்வியைத்தான் அவள் பொங்கலிலிருந்து மூடி வைத்திருந்தாள் என்று தெரிந்தது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஆசிரியர் முதல் நாள் பலகையில் ஒரு பூட்டும் சாவியும் வரைந்தார். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சாவி. செல்லுக்குள் இருக்கிற ஏற்பி பூட்டு. மாத்திரை என்பது உடைந்த சாவி, போய்ப் பூட்டில் மாட்டிக்கொள்ளும், திறக்காது, நல்ல சாவியையும் உள்ளே விடாது. எவ்வளவு அழகான படம்! இளமையில் எல்லாமே அவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது. அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கும். ஆனால் சில செல்கள் பூட்டை அடைத்த பிறகும் வளர்ந்தன. அது ஏன் என்று தேடியே என் தலையும் நரைத்தது. பூட்டையும் சாவியையும் அக்காவிடம் சொல்லிப் பயனில்லை. வேறு ஒன்று வாயில் வந்தது.

"அக்கா, நீ எப்படிப் பேசற? தமிழ்ல ஆரம்பிச்சு தெலுங்குல முடிக்கிற. மார்க்கெட்ல ஒண்ணு, வூட்ல ஒண்ணு. யாராவது உன்னத் தமிழ் பேசக் கூடாதுன்னா இன்னா பண்ணுவ?"

"தெலுங்குல திட்டுவேன்."

"அந்த செல்லும் அதைத்தான் பண்ணுச்சு. வளருன்னு அதுக்குச் சொல்ல ரெண்டு பாஷை கீது. ஹார்மோன் ஒண்ணு. வளர்ச்சிக் காரணின்னு இன்னொண்ணு, அதைக் கேக்கற காது செல்லோட வெளிச் செவுத்துல ஒக்காந்துக்கினு கீது. உன் மாத்திரை மொத பாஷைய அடைச்சிது. ரொம்ப வருஷம் நல்லாவே அடைச்சிது. ஆனா அதுங்க ரெண்டும் தனித்தனியா இல்லக்கா. ஒண்ணுக்கொண்ணு எடுத்துக் குடுக்கும். ஹார்மோனே வராட்டியும் இந்த ரெண்டாவது பாஷை உள்ள போய் ஹார்மோனோட காத உசுப்பி விட்டுடும். உனக்குள்ள எங்கயோ மிச்சமிருந்த ஒண்ணு ரெண்டு செல்லு வாயடைச்சிக் கெடந்த நேரத்துல ரெண்டாவது பாஷைய நல்லா கத்துக்கிச்சி. அது எல்லாருக்கும் நடக்காது, சில பேருக்கு நடக்கும். யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாது. அப்படித்தான் ஆயிருக்கும்னு நெனைக்கறேன். ரிசல்ட் வந்தா தெரியும். நீ மொட்டை போட்டிருந்தாலும் அது கத்துக்கினுதான் இருந்திருக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அக்கா அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கேர்ந்து படி வழியா போனா மலை கிட்டக்க. நானும் மாமாவும் கல்யாணமான புதுசுல ஏறிக்கீறோம்" என்றாள். அப்புறம் மிச்சப் புளிசாதத்தை முழுவதும் சாப்பிட்டாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் மூன்று பேருமாகப் போனோம். மாமா மில்லுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, மெழுகுக் கட்டியை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மைக்ரோஸ்கோப் அறைக்கே கூட்டிப் போனார். காலையில் மாமா கொடுத்த கட்டியிலிருந்து சீவிய பழைய சதையையும் புதிய சதையையும் சாயங்காலத்துக்குள் ஒரே சாயத்தில் தோய்த்து அடுத்தடுத்து வைத்திருந்தார்கள்.

பழையதில் ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பழுப்பு. ஹார்மோன் ஏற்பி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சுவர் வெளுத்து, ஒன்றும் இல்லாமல் இருந்தது. புதியதில் நடுப் பழுப்பு மங்கிவிட்டது. பதிலாக ஒவ்வொரு செல்லையும் சுற்றி அடர்த்தியான பழுப்புக் கோடு, கோழிக்கூட்டுக் கம்பிவலை மாதிரி. அது ஹெர் டூ என்கிற ஏற்பி. இரண்டாவது பாஷையின் காது. நான் நினைத்தபடியேதான் இருந்தது. இந்தக் கம்பிவலையை எத்தனை முறை பார்த்திருப்பேன்! நல்ல சாயம் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன், படம் எடுத்துத் திரையில் போட்டிருக்கிறேன். இது என் அக்கா. கண்ணை எடுக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

டாக்டரம்மா அக்காவிடம் பொறுமையாகச் சொன்னார். போன வாரம் எடுத்த ஸ்கேனில் நுரையீரல், ஈரல், எலும்பு எல்லாம் சுத்தம். அக்குளில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கம்பிவலையைக் குறிவைத்து அடைக்கிற ஊசி இருக்கிறது, கீமோவோடு சேர்த்துப் போட வேண்டும். கட்டி சுருங்கியதும் எடுத்துவிடலாம். ஹார்மோன் பக்கத்துக்கும் வேறு மாத்திரை உண்டு, ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் அது மறுபடி இந்தப் பக்கம் வந்துவிடும்.

"முடி கொட்டுமா?" என்றாள் அக்கா.

"கொட்டும்மா."

"அப்ப கார்த்திகை முடிஞ்சதும் வரேன் மேடம்."

டாக்டரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. திருப்பதியில் வேலை பார்க்கிறவருக்குச் சொல்ல வேண்டுமா என்ன? சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "இன்றைக்கு அக்குளில் மட்டும் இருக்கிறது. கார்த்திகை வரைக்கும் அங்கேயே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாதும்மா" என்றார். மாமா ஈரத்துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். திரும்புகிற பஸ்ஸில் முன்சீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குக் காதில் விழவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் போட்ட சண்டை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். சாமிக்குக் கண் இல்லையா என்றேன். உன் பெண் முகத்தில் எப்படி முழிப்பாய் என்றேன். செத்துப்போன மாமியாரையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் என் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மறுநாள் காலை, மில்லில் சாக்குத் தையலை வெட்டுகிற பெரிய கத்திரியை எடுத்துக்கொண்டு அக்கா என் எதிரில் வந்து முதுகு காட்டி உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள்.

"பின்னு. ஒத்தைச் சடை. இறுக்கிப் பின்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ராத்திரி பூரா யோசிச்சேன். ரெண்டு பக்கமும் அடைச்சாதான் நிக்கும்னு நீயும் சொன்ன, அந்த மேடமும் சொன்னாங்க. எனக்கும் அப்டித்தான். மருந்தும் வேணும், வேண்டுதலும் நிக்கணும். ஒண்ண வுட்டா இன்னொண்ணு என்ன வுடாது. மலை ஏற முடியாதவங்க மஞ்சத்துணில முடிஞ்சு வெச்சிப்பாங்க இல்ல? மருந்து தொடறதுக்கு முன்னாடி அவர்து அவருக்குன்னு எடுத்து வெச்சிடறேன். வேர்ல ஒட்ட வெட்டு. மீதிய மருந்து எடுத்துக்கட்டும்."

பின்னினேன். என் முழங்கால் தானாகவே அவள் முதுகை அழுத்திக்கொண்டது. சீப்பு போகிற இடமெல்லாம் சீயக்காய் வாசனை. எனக்கு நன்றாகப் பின்ன வராது, எப்போதும் எனக்கு வேறு யாராவதுதான் பின்னியிருக்கிறார்கள். அவளும் கோணலாக இருக்கிறது என்று குறை சொல்லவில்லை. இரண்டு முனையிலும் நூல் கட்டினேன். கத்திரி சாக்குக்குப் பழகியதுதான், ஆனாலும் ஒரே வெட்டில் போகவில்லை. நறநறவென்று நாலைந்து முறை போட வேண்டியிருந்தது. நான் அழுதேன், மறைக்கவில்லை. அக்கா கழுத்தைத் தடவிப் பார்த்து, "காத்தா கீது" என்றாள்.

மாமா மில்லிலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாவு படிந்த முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

அக்கா சடையைச் சுருட்டி மஞ்சள் துணியில் வைத்து முடிந்தாள். இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "பாப்பா, தீட்டு எங்க வூட்டுக்குத்தான். உனக்கு இல்ல. நீ ஊருக்குப் போறதுக்குள்ள மலைக்கு எடுத்துக்கினு போய்ச் சேத்துடு. எனக்குப் பாரம் எறங்கிடும்."

எனக்கு மலை மேல் நம்பிக்கை உண்டா இல்லையா என்று நானே கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் அந்த நிமிஷம் ஓடிப்போய் ஏறச் சொன்னால் ஏறியிருப்பேன். வாங்கிக்கொண்டேன். அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மாமா உள்ளே வந்து அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இது எங்கியும் போவ வேணாம். இங்கயே இருக்கட்டும். கார்த்திகைல அம்மாவுக்கு வருஷத்தக் கழிச்சிட்டு, நீயும் நானும் எடுத்துக்கினு போலாம். நீ வேண்டிக்கினது, நீதான் குடுக்கணும்."

அக்கா திகைத்துப் போனாள். "இன்னாங்க பேசறீங்க? அதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டா? குடுக்காத வேண்டுதல வூட்ல வெச்சிக்கினு செத்தா உங்களுக்கு ஆவுமா, பொண்ணுக்கு ஆவுமா?"

"ஆவாது" என்றார் மாமா. "அதனாலதான் சாவாதேன்றேன்."

மில் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய மனுஷன் அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு முடிப்பைக் கொண்டுபோய் சாமி அலமாரியில், படத்துக்கு முன்னால் வைத்தார். கதவைச் சாத்தினார். திரும்பி எங்களைப் பார்க்காமல் மில்லுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

அக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். வலது கை ஒரு தடவை பின்னால் போய்ச் சடையைத் தேடிவிட்டுத் திரும்பி வந்தது. அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தரையில் சிதறிக் கிடந்த முடியை உள்ளங்கையால் ஒரு பக்கமாகக் கூட்டினாள்.

"அந்த மேடத்துக்கு போன் பண்ணு" என்றாள். "நாளைக்கே வரோம்னு சொல்லு. மொத பஸ்லயே போயிடலாம், இல்லன்னா வெயில் ஏறிடும்."